கைப்பிடிக்குக் கீழே

பெயிண்டருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். புதுக்கோட்டையில் யாரும் அவரை அந்தப் பெயரால் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானும் விசாரித்துக்கொள்ளவில்லை. "பெயிண்டர் எங்க இருப்பார்?" என்றால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகர ஷெட்டைக் கைகாட்டுவார்கள். போனால் ஆள் இருக்க மாட்டார். வாங்கி வைத்த டீ ஆடை கட்டியிருக்கும், பாதி தேய்த்த கதவு ஒன்று கயிற்றில் தொங்கும். அவர் நடுரோட்டில் நின்று, போகிற பஸ் எதையாவது ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். ஹாரன் அடித்தால் நகர மாட்டார், திட்டினால் நகர்வார்.

அறுபதுகளின் நடுவில் அந்த ஜில்லாவில் ஓடிய கார்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் பாதியாவது அவர் கையில் ஒரு தடவை பட்டவை. நசுங்கினதைத் தட்டி, பட்டி வைத்து, தேய்த்து, பெயிண்ட் அடிக்க வேறு ஆட்களும் இருந்தார்கள். ஆனால் அடித்த இடம் தெரியாமல் அடிக்க இவர் ஒருவர்தான். பக்கத்தில் இருக்கிற பழைய பெயிண்டோடு புதுப் பெயிண்ட் ஒட்டிப்போக வேண்டும். அதற்காக மனுசன் படுகிற பாட்டைப் பார்த்தால் நமக்கே மூச்சு வாங்கும். எனக்கு அவர் மேல் முதலில் வந்தது எரிச்சல்தான், அதை மறைக்க வேண்டியதில்லை.

"ஒரே வண்டி, ஒரே கலர். அதுக்கு ஏண்ணே நாலு நாள்?" என்று, முன்பு நான் டிரைவராக இருந்த வீட்டு வண்டியை அவரிடம் விட்டிருந்தபோது ஒருமுறை வாயை விட்டுவிட்டேன்.

"ஒரே கலரா? இங்கிட்டு வாங்க தம்பி." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வண்டியை ஒரு சுற்று சுற்ற வைத்தார். "ஒங்க வீட்ல வண்டி எந்தப் பக்கம் பாத்து நிக்கும்?"

"வடக்க பாத்து."

"அப்ப சாயங்கால வெயில் பூரா எடது பக்கம்தான் வாங்கும். அது வெளுத்திருக்கு பாருங்க. வலது பக்கம் அம்புட்டு வெளுக்கல. மேல்தகடு ரெண்டையும் விட மோசம். டிக்கியத் தொறந்து உள்ள பாருங்க, அதுதான் பொறந்த கலரு. ஒரு வண்டியில நாலு கலரு நிக்கிது, நீங்க ஒன்னுங்கிறீங்க."

கலரை ஒப்பிட்டுப் பார்ப்பது காலை ஒன்பது மணிக்கு மேல் பதினொன்றுக்குள். திறந்த வெளியில்தான். மரத்தடி ஆகாது, இலையின் பச்சை பெயிண்டில் ஏறிவிடுமாம். அந்த நேரத்தில் வண்டிக்குப் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. ஒரு நாள் வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மாள் கூடையை இறக்கி வைத்து இளைப்பாறிக்கொண்டிருந்தார். அரக்குச் சிவப்பில் சேலை.

"ஆத்தா, செத்த அங்கிட்டு தள்ளி நில்லுங்க. ஒங்க சேலை வண்டியில விழுகுது."

"என் சேலை என் இடுப்புல இருக்கு. ஒன் வண்டியில எங்கடா விழுகுது?" என்று அந்த அம்மாள் எகிற, பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. இவருக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. குனிந்து, கதவில் தெரிந்த சிவப்பு விலகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சாம்பல் நிறத்தைத் தவிர வேறு சட்டை போடாததற்கும் இதுதான் காரணம் என்று அப்புறம்தான் எனக்குப் புரிந்தது.

வீட்டிலும் அதே கதைதான். சோறு கொண்டுவரும் அவருடைய மனைவி ஷெட்டு வாசலில் தூக்குவாளியோடு காத்து நின்று என்னிடம் புலம்புவார். "கொழம்பு எப்பிடி இருக்குன்னு கேட்டா, நேத்து வச்சதுக்கும் இன்னிக்கு வச்சதுக்கும் கலரு வேறங்கிறாரு தம்பி. உப்பு இருக்கா இல்லையான்னு ஒரு நாள் சொன்னதில்ல. உக்காந்து திங்கவும் மாட்டாரு, உருண்டையக் கையில வச்சுக்கிட்டே வண்டியச் சுத்துவாரு."

கீரனூர் டாக்டர் ஒருவரின் காருக்குக் கதவு ஒட்டுப்போட்டுக் கொடுத்தார். டாக்டருக்கு ரொம்பத் திருப்தி. ஐப்பசி மழை விட்ட பிறகு ஒரு நாள் இவர் பெயிண்டைத் தேய்க்கிற எமரி பேப்பர் வாங்கத் திருச்சிக்குப் பஸ்ஸில் போயிருக்கிறார். கீரனூரில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக டாக்டரின் கார் கண்ணில் பட்டிருக்கிறது. உடனே இறங்கிவிட்டார், டிக்கெட் திருச்சிக்கு எடுத்திருந்தும். நடந்தது இதுதான். அந்த ரோட்டுச் செம்மண் புழுதி பழைய பெயிண்டுக்குள் ஊறியிருந்தது. கழுவித்தான் பார்த்தார், ஆனால் ஒரு கழுவலில் போகிற புழுதி இல்லை அது. அந்தப் புழுதி நிறத்துக்கும் சேர்த்து இவர் பெயிண்டைக் கலந்துவிட்டார். பத்து நாள் அடைமழையில் வண்டி முழுக்க வெளுத்துப் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. இவர் அடித்த கதவு மட்டும் செம்மண் பூத்து நின்றது.

டாக்டர் நோயாளியின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே நுழைந்து, "கதவத் தப்பா அடிச்சுட்டேன் சார், கழட்டிக்கிறேன்" என்றிருக்கிறார்.

"எனக்கு ஒன்னும் தெரியலையேப்பா."

"ஒங்களுக்குத் தெரியாது சார். எனக்குத் தெரியுதுல்ல."

கதவைக் கழற்றிப் பஸ் மேல் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். நாலு நாள் டாக்டர் கதவில்லாத காரில்தான் நோயாளிகளைப் பார்க்கப் போனார். ஊரே சிரித்தது. இவருக்கு மட்டும் அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கடைசி வரை விளங்கவில்லை.

நான் அப்போது கறம்பக்குடியில் ஒரு மலேயாக்காரர் வீட்டில் டிரைவர். பினாங்கில் கடை வைத்திருந்தவர், கடையை மூடிவிட்டு ஊரோடு வந்துவிட்டார். ஏன் வந்தார் என்பது ஊருக்குத் தெரியும். ஒரே மகள், அங்கேயே ஒரு சீன வாத்தியாரைத் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் பேச்சு கிடையாது. பேர் கிடையாது, போட்டோ கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளியின் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பினாங்கு என்ற வார்த்தையே வாயில் வரக் கூடாது என்று சொல்லிவைத்தார்.

ஆனால் கார் வந்திருந்தது. மலேயாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த குட்டிக் கார். ரெண்டே கதவு, ரெண்டே சீட்டு. வெளிர் நீலம். அதன் உடம்பு தகரம் இல்லை, கண்ணாடி நாரைப் பிசினில் ஊறவைத்து இறுகச் செய்தது. ஃபைபர் என்றார்கள். தட்டிப் பார்த்தால் டொக் டொக் என்று பலகைச் சத்தம் வரும். ஊர்க்காரர்கள் அதைப் பிளாஸ்டிக் வண்டி என்று கேலி பேசினார்கள். முதலாளி மட்டும் யாரையும் அதைத் தொட விட மாட்டார். மகள் ஓட்டிய வண்டியை எதற்காக அவ்வளவு தூரம் கப்பலேற்றிக் கொண்டுவந்தார் என்று அவரிடம் கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

அந்த வண்டியை உடைத்தவன் நான். முதலாளி கண் ஆபரேஷனுக்காகத் தம்பியோடு மதுரைக்குக் கிளம்பினார். புதுக்கோட்டை ஸ்டேஷனில் இருவரையும் விட வேண்டும், ஆளுக்கு ஒரு நடையாக ரெண்டு தடவை போய்வந்தேன். ரெண்டாவது நடையில் ரயில் கிளம்பிய நிம்மதியில் வண்டியைத் திருப்பியபோது, வலது பக்கத்து மட்கார்டு ஒரு கல்தூணில் இடித்தது. தகரமாக இருந்தால் நசுங்கியிருக்கும். இது பானை உடைவதுபோல உடைந்து, நாலு சில்லு ரோட்டில் கிடந்தது. சில்லுகளைத் துண்டில் பொறுக்கிக் கட்டிக்கொண்டு நேரே பெயிண்டரிடம் போனேன். என் மனைவி அப்போது மாசமாக இருந்தாள். இந்த வேலை போனால் எனக்கு வேறு வேலை கிடையாது. துண்டை அவிழ்த்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சில்லு ஒன்றை எடுத்து உடைந்த விளிம்பைப் பார்த்தார். "மேல அடிச்ச கலரு இல்ல தம்பி இது. உள்ளயே ஊறியிருக்கு" என்றார். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது.

"முதலாளி எப்ப வாராரு?"

"நாப்பது நாள் ஆகும்ணே. கண்ணுல புரை எடுக்கப் போயிருக்காரு."

"புரை எடுக்கவா?" அப்போதுதான் அவர் முகம் மாறியது. "எடுத்துட்டு வந்தா நீலம் சும்மா பளிச்சின்னு தெரியுமே. நம்ம யாருக்கும் தெரியாத வித்தியாசம் அவருக்குத் தெரியும்." தலையில் கை வைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் மூன்று சுற்று சுற்றினார்.

வீட்டில் அம்மாவிடம், அதாவது முதலாளியின் மனைவியிடம், வண்டியைச் சர்வீஸுக்கு விட்டிருப்பதாகச் சொன்னேன். அவர் "எப்ப வரும்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு தினமும் கேட்டார். காரில் ஏறவே ஏறாத மனுஷி எதற்காக இப்படிக் கேட்கிறார் என்று எனக்கு உதறல்.

பெயிண்டர் மெட்ராஸுக்குப் போய்ப் பிசினும் கண்ணாடி நாரும் வாங்கிவந்தார். நார் பட்டு அவர் கை இரண்டும் தடித்துச் சிவந்தன, சொறிந்துகொண்டே வேலை பார்த்தார். சில்லுகளைச் சேர்த்து உள்பக்கம் நாரை ஒட்டி உருவத்தைக் கொண்டுவருவது மூன்று நாளில் முடிந்துவிட்டது. மற்ற நாளெல்லாம் கலருக்குப் போயின. பிசினுக்கே ஒரு மஞ்சள் இருந்தது. நீலத்தைக் கலந்தால் அந்த மஞ்சளோடு சேர்ந்து பச்சையடித்தது. பச்சையைக் கொல்லத் துளி சிவப்பு விட்டால் அழுக்கானது. அதோடு, பிசினை இறுக வைக்கும் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் காயும்போது நிறம் இன்னொரு பக்கம் போனது. இன்று கலந்தது சரியா என்று நாளைக்குத்தான் தெரியும். பெயிண்டென்றால் ஈரத்தில் பார்த்தே காய்ந்த நிறத்தைச் சொல்லிவிடுகிற மனுசன், இதில் ராத்திரி பூராவும் தவித்திருக்கிறார். டப்பா மூடிகளில் ஊற்றிக் காயவைத்த நீலங்கள் ஷெட்டுச் சுவரோரம் வரிசையாகக் கிடந்தன. எனக்கு எல்லாம் ஒரே நீலம்.

"இது போதும்ணே. இதே தெரியாது" என்று கெஞ்சினேன்.

"போதும்னு யாரு சொல்றது?"

முப்பத்தைந்தாவது நாள் காலை பத்து மணிக்கு அவர் என்னை மட்கார்டுக்கு முன்னால் நிறுத்தி, ஒட்டுப்போட்ட இடத்தைக் காட்டச் சொன்னார். நான் மூன்று இடத்தைக் காட்டினேன். மூன்றும் தப்பு. அப்போதும் அவருக்கு ஆறவில்லை. புதுசு மினுங்குகிறது, பக்கத்தில் இருக்கிற கதவு சுண்ணாம்பு பூத்த மாதிரி மங்கிக் கிடக்கிறது என்று, வலது கதவு முழுவதையும் பாலிஷ் மாவு போட்டுத் தேய்த்தார். கைப்பிடியைச் சுற்றி, கைப்பிடிக்குக் கீழே, ஒரு இடம் விடாமல். கதவும் மட்கார்டும் ஒரே உடம்பாகிவிட்டன. நான் அவர் காலில் விழாத குறை.

அன்று சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து வீட்டில் நிறுத்தினேன். அம்மா இறங்கி வந்தார். மட்கார்டு பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே கதவுக்குப் போய்க் கைப்பிடிக்குக் கீழே உள்ளங்கையை வைத்தார். தடவினார். குனிந்து பார்த்தார்.

"தம்பி, இங்க கோடு கோடா இருக்குமே?"

"கீறலும்மா. பாலிஷ் போட்டதுல போயிருச்சு. இப்பப் புதுசு மாதிரி ஆயிருச்சு பாருங்க" என்றேன் பெருமையாக.

"அது அவ வளையல் ஒரசுனது தம்பி" என்றார் அம்மா. குரலை உயர்த்தவில்லை. "தெனமும் கதவத் தொறந்து தொறந்து விழுந்தது." கையை அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு உள்ளே போனார். அந்த வீட்டில் மகளைப் பற்றி நான் கேட்ட முதல் வார்த்தை அதுதான். எனக்கு அழுகை வந்தது. என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் போய், ஒரு தாய்க்கு மிச்சமிருந்ததையும் நானே துடைக்க வைத்துவிட்டேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போய் அந்தக் கோபத்தையெல்லாம் பெயிண்டர் மேல் கொட்டினேன். "யாரு ஒங்களக் கதவத் தொடச் சொன்னது? அது அவங்க மக வளையல் ஒரசுன கோடு!" என்று கத்தினேன். அவர் தேய்த்துக்கொண்டிருந்த பேப்பரைக் கீழே போட்டுவிட்டு ஒரு டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"கோடு இருந்துச்சா? எப்பிடி இருந்துச்சு?"

"நீங்கதானே தேச்சீங்க!"

"நான் கலரத்தான் தம்பி பாத்தேன்." கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "வாரேன்" என்றார்.

"வந்துராதீங்கண்ணே. முதலாளி வர்ற நேரம். மட்கார்டு வெவகாரம் வெளிய வந்தா எனக்குச் சோறு போச்சு." அவர் தலையை ஆட்டினார். சரி என்றுதான் நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

முதலாளி தடித்த கண்ணாடியோடு வந்து இறங்கினார். மறுநாள் காலை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இது இம்புட்டு நீலமா!" என்றார். புதுக் கண்ணின் அதிசயம் என்று நினைத்துக்கொண்டார். நான் தப்பித்தேன். அப்படி நினைத்தது சரியாக இரண்டு நாள்தான்.

மூன்றாம் நாள் ஒன்பது மணிக்கு, சாம்பல் சட்டையோடு பெயிண்டர் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். வராந்தாவில் நாற்காலியில் இருந்த முதலாளியையும், பக்கத்தில் காபியோடு நின்ற அம்மாவையும் தாண்டி, நேரே கார்க் கதவுக்கு முன்னால் போய்க் குந்தினார்.

"யாருப்பா அது?"

"பெயிண்டருங்க. மட்கார்டு ஒடஞ்சத ஒட்டுனப்ப ஒரு தப்புப் பண்ணிட்டேன். அதச் சரி பண்ண வந்தேன்."

"மட்கார்டா? எப்ப ஒடஞ்சது?" முதலாளி என் பக்கம் திரும்பினார். பெயிண்டர் அதற்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை, அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"அம்மா, அவங்க எந்தக் கையால கதவத் தொறப்பாங்க?"

அம்மா காபி டம்ளரை வராந்தாச் சுவர்மேல் வைத்துவிட்டார். அந்த வீட்டில் என்ன கேட்கக் கூடாதோ அதைக் கேட்டுவிட்டோம் என்பது பெயிண்டருக்குத் தெரியவே தெரியாது. அவர் பாட்டுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "வலது கைன்னா வளையல் கோடு இங்கிட்டு சாயும். எடது கைன்னா அங்கிட்டு சாயும். தேய்க்கிறப்ப நான் பாக்காம விட்டுட்டேங்க."

அம்மா புருஷனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மெல்ல, "வலது கைதான்" என்றார்.

"எடது கை."

முதலாளிதான் சொன்னார். "எழுதுறதுக்கு மட்டுந்தான் வலது கை. அதுவும் நான் அடிச்சுப் பழக்குனது. மத்த எல்லாத்துக்கும் அவளுக்கு எடது கைதான்."

"வளையல் எத்தனைங்க? கண்ணாடியா, தங்கமா?"

"தங்கம். மூனு."

"நாலு" என்றார் அம்மா. "ஒன்னு அந்த வாத்தியார் தம்பி வாங்கிக் குடுத்தது. நீங்க பாக்கல."

பெயிண்டர், "சரிங்க, நாலு. ஒசரம் எம்புட்டு இருப்பாங்க?" என்றார்.

முதலாளி எழுந்து படியிறங்கி வந்தார். கார்க் கதவுக்குப் பக்கத்தில் நின்று, தன் தோளுக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினார். காட்டிய கை அப்படியே நின்றது. இறக்க மறந்துவிட்டார்.

பெயிண்டர் பையிலிருந்து ஊசிமுனைக் கம்பி ஒன்றை எடுத்தார். அந்த உயரத்தையும் கைப்பிடியையும் மாறிமாறிப் பார்த்தார். கம்பியைக் கதவுக்கு அருகே கொண்டுபோனார். ரொம்ப நேரம் அப்படியே இருந்துவிட்டு எழுந்துகொண்டார்.

"இது எனக்கு வராதுங்க. எத்தன வருசத்துக் கோடு. நான் போட்டா ஒரே நாள்ல போட்டதுன்னு தெரிஞ்சுரும்." உதிரிச் சாமான் ஒன்றை வரவழைக்கச் சொல்வதுபோல, "அவங்களையே வரச் சொல்லுங்க" என்றார்.

நான் எதிர்பார்த்த சத்தம் எதுவும் எழவில்லை. முதலாளி கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்ப மாட்டினார். அம்மாவைப் பார்த்து, "விலாசம்..." என்று இழுத்தார். அவர் முடிப்பதற்குள் அம்மா உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துவந்து அவர் கையில் வைத்தார். எப்படிக் கிடைத்தது என்று அவரும் கேட்கவில்லை.

"வண்டிய எடு" என்றார் என்னிடம். "தபாலாபீசுக்கு."

வண்டியைக் கிளப்பினேன். கேட்டைத் தாண்டும்போது பெயிண்டர் குறுக்கே வந்து கையை நீட்டி மறித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மட்கார்டைப் பார்த்தபடி, "செத்த நில்லுங்க தம்பி, இந்த வெயிலுக்கு இங்கன ஒரு பொட்டு மஞ்ச தெரியுது" என்றார்.

முதலாளி காகிதத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என் பக்கத்துச் சீட்டின் நுனிக்கு நகர்ந்தார்.

"நிக்காத, போ. பதினோரு மணிக்குத் தபால் பையக் கட்டிருவான்."